மாப்ளே, கடிகாரத்தைக் கழட்டி வச்சிட்டுப் போங்க

ஸ்பெயின் போறீங்களாமே மாப்ளே? மத்தியதரைக் கடலோரமாம், பழைய மீனவர் ஊராம், வீட்டுக்கு வீடு வேற வேற சாயமாம். வில்லாஹோயோசான்னு பேரைச் சொல்லும்போதே உங்க வாய் ஒரு பக்கமா இழுத்துக்குது. பரவாயில்ல, ஊர்க்காரங்க 'லா விலா'ன்னு சுருக்கித்தான் சொல்வாங்க. சின்னவன் அந்தப் பக்கம் ஹோட்டல் அடுப்படியில வேலை பார்த்தப்ப, ஒரு கோடை முழுக்க நானும் அங்க கிடந்தவன். அந்த உரிமையில சொல்றேன். நீங்க கேக்காட்டியும் உங்க வயிறு கேட்டுக்கும்.

அலிகாந்தேயில பெனிடோர்ம் போற ட்ராம்ல ஏறுங்க. கடலைப் பார்த்துக்கிட்டே போகலாம். அசந்து தூங்கிட்டா லா விலாவைத் தாண்டி பெனிடோர்ம்லதான் முழிப்பீங்க. அங்க 2002-ல திறந்த ஹோட்டல் ஒண்ணு 186 மீட்டர் உயரத்துக்கு நிக்குது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடிச்சுக்கிட்டா, அடுத்த ட்ராம்ல திரும்பி வந்துருங்க.

இப்ப முக்கியமான விசயம். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பசிக்குதுன்னு ஓட்டல் வாசல்ல போய் நிக்காதீங்க. நாற்காலியைக்கூட இறக்கிப் போட்டிருக்க மாட்டான். 'சோம்பேறிப் பயலுக, ரெண்டு மணிக்குச் சோறு திங்கிறானுக'ன்னு நீங்க முணுமுணுப்பீங்க. அங்கதான் உங்க படிப்பு தோத்துப்போகுது. அந்த ஊர் கிரீன்விச் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கு. நியாயமா லண்டன் நேரம்தான் ஓடணும். 1940-ல சர்வாதிகாரி ஃப்ராங்கோ ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி, நடு ஐரோப்பா நேரத்தோட சேர்த்து வச்சுது. ஃப்ராங்கோ போய்ச் சேர்ந்துட்டாரு, முள்ளைத் திருப்பி வைக்கத்தான் ஆள் வரல. கோடையில இன்னொரு மணி நேரம் வேற கூட்டிருவாங்க. ஆக, கடிகாரம் ரெண்டு காட்டும்போதுதான் சூரியன் உச்சிக்கு வருது. உச்சி வெயிலுக்குச் சாப்பிட உட்கார்றவன் சோம்பேறியா, பொய் சொல்ற கடிகாரத்தை நம்பிக்கிட்டு வாசல்ல நிக்கிறவன் கிறுக்கனா? நீங்களே சொல்லுங்க மாப்ளே, நான் சொன்னா வருத்தப்படுவீங்க.

இன்னொண்ணும் கவனிச்சேன். மத்தியானச் சாப்பாடு முடியுற வரைக்கும் பல பேருக்குக் காலை வணக்கம்தான். மணி ஒண்ணே முக்கால் ஆனாலும் 'புவேனோஸ் தியாஸ்'. வயித்துக்குள்ள சோறு போனாத்தான் அவங்களுக்குப் பொழுது சாயும். கடைக்குள்ள நுழைஞ்சதும் நீங்களும் அதைச் சொல்லிட்டு அப்புறம் சாமானைத் தொடுங்க. ஊமையா நின்னு விலைச்சீட்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்குறவரை அங்க யாருக்கும் பிடிக்காது, இங்கயும்தான்.

சோறுன்னதும் ஞாபகம் வருது. பாயேயாங்கிற அவங்க சட்டிச் சோத்தை ராத்திரியில கேக்காதீங்க. வெளியூர்க்காரனுக்குன்னு எடுத்து வச்சதைச் சுட வச்சுத் தருவான், நீங்களும் படம் எடுத்து அனுப்புவீங்க. ஊர்க்காரங்களுக்கு அது மத்தியான ஆகாரம். அதைவிட மீன் கொதிச்ச சாறுல வேகவச்ச 'அரோஸ் அ பண்டா'வைக் கேளுங்க. அந்தக் காலத்துல மீனவங்க படகுல வச்சுத் தின்னது. பெரும்பாலும் ரெண்டு பேருக்குக் குறைஞ்சு செய்ய மாட்டாங்க, அதனால எங்க பொண்ணோட சண்டை போட்டுட்டுத் தனியாப் போய் உட்காராதீங்க. தட்டையான இரும்புச் சட்டியில அடிப்பிடிச்ச சோத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அதைச் சுரண்டாம எந்திரிச்சீங்கன்னா சமையக்காரன் மூஞ்சி செத்துப்போகும். எங்க பொண்ணு சனிக்கிழமை கவிச்சி தொடாதுன்னு தெரியும்ல? 'இறைச்சி வேண்டாம்'னு மட்டும் சொன்னா, சாலட்ல சூரை மீனைத் தூவிக் கொண்டாந்து வச்சுட்டுச் சிரிப்பான். மீனும் வேண்டாம், பன்னித்தொடையும் வேண்டாம்னு ஒவ்வொண்ணா விரல் மடக்கிச் சொல்லுங்க.

விடியக்காலையில கடற்கரைக்குப் போனா ஒரு ஆளையும் காணோம், குடை மட்டும் வரிசையா நட்டிருக்கும். பஸ் ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற நம்ம கலை அங்கயும் இருக்கு. அந்தக் கரையோர ஊர்கள்ல சில நகராட்சிகள் அப்படி நட்ட குடையைப் பிடுங்கிக்கிட்டுப் போய் அபராதமும் போடுது. அதனால உங்க திறமையை அங்க காட்ட வேண்டாம்.

சாயங்காலம் துறைமுகத்துக்குப் போங்க. இழுவைப் படகுங்க திரும்பும், பின்னாலேயே கடல்புறா கத்திக்கிட்டு வரும். ஏலம் நம்மூரு ஏலம் இல்ல. விலை உச்சியில ஆரம்பிச்சுக் கீழ இறங்கிக்கிட்டே வரும், முதல்ல பொத்தானை அமுக்கினவனுக்கு மீன். முந்தினா காசு போச்சு, பிந்தினா மீன் போச்சு. பேரம் பேசியே பொழைச்ச உங்க அப்பாவை அங்க நிறுத்திப் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. சனி ஞாயிறுல அந்தப் படகுங்க கடலுக்குப் போகாது. திங்கக்கிழமை மத்தியானம் 'இன்னிக்குப் பிடிச்ச இறால்'னு எவனாவது சொன்னா, சிரிச்சுக்கிட்டே கோழி கேளுங்க.

அந்தச் சாயம் பூசின வீடுங்க இருக்கே, கடல்ல இருந்து வர்றப்ப அவங்கவங்க வீட்டை அடையாளம் தெரிஞ்சுக்கத்தான் பூசினாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. கேட்டுக்கங்க, தலையாட்டுங்க. என்னைக் கேட்டா, வாசல்ல கடன்காரன் நிக்கிறதை வச்சே மீனவன் வீட்டைக் கண்டுபிடிச்சிருவான்.

இனிப்புக்கும் பஞ்சம் இல்ல. 1881-ல இருந்து சாக்லேட் செய்யுற வலோர் கம்பெனி அந்த ஊர்தான், அருங்காட்சியகமும் வச்சிருக்காங்க. கோப்பையில தர்ற சாக்லேட் கூழாட்டம் கெட்டி. சுர்ரோங்கிற எண்ணெயில பொரிச்ச மாவுப் பலகாரத்தை அதுல முக்கித் தின்னணும். டீயின்னு நினைச்சு மடக்குனு குடிச்சீங்கன்னா தொண்டையிலயே உட்கார்ந்துக்கும்.

ஜூலை 24 முதல் 31 வரைக்கும் திருவிழா. 1538-ல வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளைக்காரங்க வந்தப்ப, அமதோரியோ ஆத்துல வெள்ளம் வரவச்சு ஊரைக் காப்பாத்தினது சாந்தா மார்த்தாங்கிற புனிதவதின்னு ஐதீகம். அதுக்காக 28-ஆம் தேதி விடியுமுன்ன அந்தக் கொள்ளைக்காரங்களாட்டம் வேசம் கட்டின மூர் படை படகுல வந்து இறங்கும், கரையில கிறிஸ்தவப் படை வெடிமருந்தைக் கொட்டிச் சுடும். காலையில மூர்கள் ஜெயிப்பாங்க, சாயங்காலம் மத்தவங்க கோட்டையை மீட்பாங்க. ரெண்டு படையும் ஒரே தெருக்காரங்கதான். அந்த வாரம் அறை எடுத்துட்டு, 'சத்தம் தாங்கல'ன்னு ஹோட்டல் வரவேற்புல போய்ப் புகார் சொல்லாதீங்க மாப்ளே. அங்க உட்கார்ந்திருக்கிறவரு அப்பத்தான் துப்பாக்கியை மூலையில சாத்திட்டு வேலைக்கு வந்திருப்பாரு.