பத்துப் பொருத்தம் பார்க்காத பெருந்தகை

பைத்தானின் அணிக் கணக்கு நூலகமான நம்பையைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் வேகத்தைப் புகழ்கிறார்கள், சுருக்கத்தைப் புகழ்கிறார்கள். இரண்டுக்கும் பின்னால் ஓசைப்படாமல் உழைக்கிற பிராட்காஸ்டிங்குக்கு மட்டும் யாரும் பொன்னாடை போர்த்தியதாகத் தெரியவில்லை. வடிவம் வேறுபட்ட இரண்டு அணிகளைக் கூட்டச் சொன்னால், பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் "வரிசை ஒன்றாக இல்லை, கூட்ட முடியாது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார். பிராட்காஸ்டிங் அப்படிப்பட்டவர் அல்ல. கேட்டவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே பிறவி எடுத்தவர்.

கல்யாணத் தரகர்கள் பத்துப் பொருத்தம் பார்த்து அலுத்துப்போவார்கள். இவர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வடிவங்களையும் வலது ஓரம் ஒட்டி அடுக்கிவைத்து, அங்கிருந்து இடப்பக்கமாக எண்ணுக்கு எண் பார்த்துக்கொண்டே போவார். இரண்டும் சமமாக இருந்தால் சம்மதம். இரண்டில் ஒன்று 1 ஆக இருந்தாலும் சம்மதம். மற்றது எத்தனையோ அத்தனைக்கு அந்த 1 நீண்டுகொடுக்கும். ஒரு பக்கம் எண்ணே இல்லாமல் போனால், அங்கே 1 இருப்பதாக அவரே வைத்துக்கொள்வார். எது நிரை, எது நிரல், எது ஊர், எது மாதம் என்று குலம் கோத்திரம் விசாரிக்கும் அநாகரிகம் அவரிடம் கிடையாது.

அவருடைய கொடைக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். உண்மையான விடைகள் 10, 20, 30. அணியின் வடிவம் (3,). மாடல் கணித்தவையும் அதே 10, 20, 30தான். ஆனால் நியூரல் நெட்வொர்க்கின் கடைசி அடுக்கிலிருந்து வருவதால் அவை வழக்கம்போல் (3,1) என்ற வடிவில் செங்குத்தாக நிற்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மூன்று பூஜ்யம் கிடைக்க வேண்டும் என்று நினைப்பது நம்முடைய கஞ்சத்தனம். மூன்று மாப்பிள்ளை, மூன்று பெண் என்றால் இவர் மூன்று கல்யாணத்தோடு நிறுத்துவாரா? ஒன்பதையும் நடத்தி வைத்துவிட்டுத்தான் தாம்பூலம் வாங்குவார். அந்த ஒன்பது வித்தியாசங்களின் வர்க்கங்களுக்குச் சராசரி எடுத்தால் 133.33. ஒரு துளி பிழையும் செய்யாத மாடலுக்கு இவர் வழங்கும் பிழை மதிப்பெண் இது.

இதற்குள் ஒரு சமூக நீதியும் இருக்கிறது. மாடல் எதையும் கற்றுக்கொள்ளாமல், யார் கேட்டாலும் 20 என்று மட்டும் சொன்னால் அதே கணக்கில் பிழை 66.67 ஆகிறது, சரி பாதி. எல்லாம் தெரிந்தவனைவிட ஒன்றும் தெரியாதவன் இரு மடங்கு உயர்ந்தவன்! காரணம் எளியது. ஒவ்வொரு விடையும் ஒவ்வொரு கணிப்போடும் மோதவிடப்படுவதால், கணிப்புகள் தங்களுக்குள் வேறுபடுவதே குற்றமாகிவிடுகிறது. உண்மை விடைகளின் விலக்க வர்க்கச் சராசரியோடு கணிப்புகளுடையதும் சேர்ந்து பிழையாக ஏறிக்கொள்கிறது. பிழையை அளக்கும் லாஸைத் தாமே எழுதிக்கொள்கிற இளைஞர்களின் மாடல், பயிற்சியில் இந்த உண்மையை விரைவில் புரிந்துகொள்ளும். எல்லா வீட்டுக்கும் ஒரே விலை, எல்லா நோயாளிக்கும் ஒரே சர்க்கரை அளவு. லாஸ் வரைபடமோ அழகாக இறங்கி, அமைதியாகப் படுத்துக்கொள்ளும். எரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. யாராவது சந்தேகப்பட்டு வெறும் வித்தியாசங்களின் சராசரியை எடுத்துப் பார்த்தால், ஒன்பதை வைத்துப் பார்த்தாலும் மூன்றை வைத்துப் பார்த்தாலும் விடை ஒன்றுதான். தணிக்கைக்கு வருகிறவரையும் மனம் குளிர வைத்து அனுப்புகிறார்.

சிக்கனத்திலும் குறைவில்லை. நீட்டப்படும் அணியை அவர் நகல் எடுப்பதில்லை; அதே எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்துச் சமாளிக்கிறார். கிடைக்கும் விடைக்கு மட்டும்தான் இடம் வேண்டும். 10,000 பேரின் கணக்கென்றால் 10 கோடி எண்கள், எண்ணுக்கு 8 பைட், ஆக 80 கோடி பைட். ஒரு லட்சம் பேர் என்றால் 80 ஜிகாபைட். அப்போதும் மறுப்பது மெமரிதான், இவர் அல்ல.

சோதனைக்கூடத்தில் இவருடைய ஒத்துழைப்பைச் சொல்லியே ஆகவேண்டும். 30 ஊர்களின் 12 மாத மழையளவு ஓர் அணியில் இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் அதன் சராசரியைக் கழிக்க முயன்றால், 12க்கும் 30க்கும் ஒத்துவராது என்று எரர் வரும். பெருந்தகைக்கு இது சறுக்கல்தான். ஆனால் ஊர்களும் 12 ஆக இருந்தால்? முதல் ஊரின் சராசரி எல்லா ஊரின் ஜனவரியிலிருந்தும் கழிக்கப்படும், இரண்டாம் ஊருடையது பிப்ரவரியிலிருந்து. சோதித்துப் பார்க்க எல்லோரும் 3க்கு 3 அணியைத்தான் எடுக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும் போலிருக்கிறது.

குலப்பெருமையும் உண்டு. 1995இல் ஜிம் ஹியூகுனின் எழுதிய நியூமெரிக்கிலேயே இவர் இருந்தார். அதையும் நியூம்அர்ரேயையும் டிராவிஸ் ஆலிஃபன்ட் ஒன்றாக்கியபோது, 2006இல் 1.0 கண்ட நம்பைக்குள் குடியேறினார். மற்ற மென்பொருள்களில், மேட்லேப் நெடுநாள் பிகு செய்துவிட்டு 2016இல் வரவேற்றது. பைடார்ச் அடுத்த ஆண்டே வாசலைத் திறந்தது. ஆக்டேவ் அவரை உள்ளே விட்ட புதிதில், இப்படி ஒருவர் வந்திருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் எச்சரித்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் வாயை மூடிக்கொண்டது. ஜூலியா மட்டும் பழைய பஞ்சாங்கம். கூட்டல் குறிக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, நீட்டித்தான் கூட்டவேண்டும் என்று நீங்களே கைப்படக் கேட்டால்தான் இவரை உள்ளே அனுமதிக்கும். விருந்தாளியிடம் அழைப்பிதழ் கேட்கும் வீடு!

நம்பையிலும் நன்றி கெட்டவர்கள் இருக்கிறார்கள். சராசரி எடுக்கும்போது கீப்டிம்ஸ் எழுதுகிறார்கள். கழிப்பதற்கு முன் இரண்டு வடிவங்களும் ஒன்றா என்று அஸெர்ட் ஒரு வரி போடுகிறார்கள். (3,1) என்று வந்ததை ரேவல் செய்து (3,) ஆக்கிவிட்டுத்தான் தொடுகிறார்கள். சோதனைக்கு 3க்கு 5, 4க்கு 7 என்று ஒவ்வாத அளவுகளாகத் தேடி எடுக்கிறார்கள். இவர்களிடம் மட்டும் வள்ளலின் வள்ளன்மை செல்லுபடியாவதில்லை. அவர் புகழ் குன்றக்கூடாது என்று நினைக்கிற அன்பர்கள், தயவுசெய்து இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவேண்டாம்.