சேஸிஸ் தரிசனம்
புனேயில் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவது குலவழக்கம். சிக்னல் கேமரா பொறுமையாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளும். அபராத பாக்கி எவ்வளவு என்று பார்க்க, மகாராஷ்டிரப் போக்குவரத்துக் காவல்துறையின் இ-சலான் தளத்தில் எம்.எச்.12 என்று தொடங்கும் வண்டி எண் மட்டும் போதாது. சேஸிஸ் எண்ணின் கடைசி 4 இலக்கமும் வேண்டும். அது ஆர்.சி. அட்டையில் இருக்கிறது. ஆர்.சி. எங்கே இருக்கிறது? ஆகவே கோத்ருட் பேட்டையின் காகாக்கள், அதாவது பெரியவர்கள், வண்டியில் பொறித்த எண்ணைப் படிக்க ஸ்கூட்டர் முன் மண்டியிட்டு, செல்போன் டார்ச் அடித்து, துருவை விரலால் தேய்த்து, 3-ஆ 8-ஆ என்று வழக்காடுகிறார்கள்.

தெரிந்ததும் கட்டிவிடுவார்களா என்ன! லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் வரட்டும், குறைத்துக் கட்டலாம். தி. நகரின் ஆடித் தள்ளுபடிக் கூட்டம்தான் சிவாஜிநகர் நீதிமன்ற வாசலிலும். வந்தவர்கள் வண்டியை நிறுத்துவது நோ பார்க்கிங்கில். அதற்குச் சலான் தனி.