காம்பவுண்டுச் சுவரும் கலைத்தாகமும்

எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் வாசுதேவநல்லூரின் பொதுச்சொத்து. பத்திரம் என் பெயரில் இருக்கிறது, தீர்வை நான் கட்டுகிறேன், அனுபவிப்பது ஊர். மேல்பாதியில் கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, பூப்புனித நீராட்டு. கீழ்ப்பாதி, பஸ்ஸைவிட்டு இறங்கி அவசரமாக வருகிறவர்களுக்கு. 'சிறுநீர் கழிக்காதீர்' என்று என் கையாலேயே எழுதி வைத்தேன். இடம் இதுதான் என்று வெளியூர்க்காரனுக்கும் தெரிந்துபோனதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் இது சுவருக்குப் பேர்போன ஊர். 1767இல் கம்பெனிப் படை பீரங்கியால் துளைத்த இடத்தையெல்லாம் வைக்கோலும் பனந்தடியும் வைத்து அடைத்தபடியே இங்கிருந்த புலித்தேவரின் மண்கோட்டைக்காரர்கள் சண்டை போட்டார்கள். அந்த மண்ணில் பிறந்த என்னால், பசைவாளியோடு வரும் ஒரு பொடியனைத் தடுக்க முடியவில்லை.

வீட்டுக்காரி சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போய்வந்ததில்தான் வினை. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் பெரிய பெரிய முகங்களாம். எச்ஐவி உள்ளவர், இல்லாதவர் எல்லாரையும் கலந்து வரைந்திருக்கிறார்கள், யார் எவரென்று பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணகி நகரில் 2020இல் மாநகராட்சியும் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் சேர்ந்து அடுக்குமாடிகளின் மொட்டைச் சுவர்களில் மாடி உயரத்துக்குப் படம் எழுத வைத்தன. அதையும் மகன் கூட்டிப்போய்க் காட்டிவிட்டான்.

"ரயிலடியே பளபளன்னு இருக்கு. நம்ம வீட்டைப் பாத்தா வெளங்குமா?"

எனக்குப் பிடித்த கதை இவற்றுக்கும் முந்தியது. 2009 வாக்கில் அண்ணா சாலையில் போஸ்டரை ஒழிக்கச் சென்னை மாநகராட்சி சுவரெல்லாம் ஓவியம் வரையச் சொன்னது. வரைந்தவர்களில் பலர் ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்பை இழந்த சினிமா பேனர் ஓவியர்கள். கட்டம் போட்டு, கதாநாயகனின் ஒற்றைக் கண்ணையே ஆளுயரத்துக்கு எழுதிய கை! அப்படி ஒரு பழைய பேனர் ஆர்டிஸ்டைச் சங்கரன்கோவிலில் பிடித்தேன். கலைத்தாகம் என்று நினைக்க வேண்டாம், மலிவாக முடியும் என்ற கணக்கு.

எதை வரைவது என்று வீட்டில் பஞ்சாயத்து. அம்மாவுக்கு எங்கள் ஊர்ச் சிந்தாமணிநாதர்தான் வேண்டும். அவர் அர்த்தநாரீஸ்வரர், பாதி அவர், பாதி அம்மை. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, செலவு மட்டும் முழுசாக என் பக்கம். சாமி படம் இருந்தால் ஒருத்தனும் ஒதுங்க மாட்டான், நாடறிந்த வைத்தியம். ஆனால் பக்கத்தில் குற்றாலச் சித்திர சபையில் நடராசரே ஓவியமாக இருந்துதான் பூசை ஏற்கிறார். இந்தச் சீமையில் சுவரில் சாமி எழுதினால் முதலில் கற்பூரம் வரும், பிறகு உண்டியல் வரும், கடைசியில் என் வீட்டுக்குள் போக நானே சிறப்பு தரிசன டிக்கெட் எடுக்க வேண்டிவரும்.

"சரி, குற்றால அருவியையே வரையட்டும். கண்ணுக்குக் குளுமையா இருக்கும்" என்றேன், தீர்ப்புச் சொல்கிற தோரணையில்.

ஆர்டிஸ்ட் பீடியை அணைத்துவிட்டுச் சுவரின் கீழ்ப்பாதியைப் பார்த்தார். "அண்ணாச்சி, தண்ணி விழுறதப் பாத்தா வாறவனுக்கு இன்னும் முட்டிக்கிட்டுல்லா வரும்?"

வீட்டுக்காரி உள்ளிருந்தே முடிவைச் சொன்னாள். "புலித்தேவரை வரையச் சொல்லுங்க. உருவுன வாளோட. வாள் மட்டும் கொஞ்சம் தாழ்வா இருக்கட்டும்."