அரிய இயங்குதளங்களில் மோர்ஸ் பயில் மென்பொருள் தேடல்: ஓர் ஆய்வு

ஆய்வென்று வந்துவிட்டால் முதலில் கருதுகோள் வேண்டும். இக்கட்டுரையின் கருதுகோள் இதுதான்: விண்டோஸ் வைத்திருப்பவர் மோர்ஸ் தந்திக்குறி கற்க மென்பொருள் தேடினால், என்றாவது ஒருநாள் மோர்ஸ் கற்றுவிடுகிறார். அரிய இயங்குதளம் வைத்திருப்பவர் அதே மென்பொருளைத் தேடினால், தன் இயங்குதளத்தைக் கற்றுவிடுகிறார். இதை நிறுவ முடியாமற்போனால் கருதுகோளைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும் உரிமை, நம் ஆய்வு மரபுப்படி, இவ்வாய்வாளருக்கு உண்டு.

அடுத்து ஆய்வு எல்லை. அமிகா, ரிஸ்க் ஓஎஸ், ஹைக்கு என்று எல்லா அரிய இயங்குதளங்களையும் தொட ஆசைதான். ஆனால் எல்லை என்பதே, தெரியாததைத் தொடாமலிருக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்த நாகரிகமான வழி. எனவே ஃப்ரீபிஎஸ்டி மட்டும். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் வழிவந்தது. முதல் பதிப்பு 1993இல் வெளியானது. இது ‘அரியது’தானா என்று நேர்காணல் தேர்வில் கேட்கக்கூடும். நெட்ஃப்ளிக்ஸ் படங்களை வீடுகளுக்கு அனுப்பும் சர்வர்கள் இதில்தான் ஓடுகின்றன. ப்ளேஸ்டேஷன் 4 விளையாட்டுப் பெட்டியின் உள்ளே இருப்பதும் இதன் வழித்தோன்றல்தான். ஆக, உலகில் கோடிக்கணக்கானோர் தினமும் இதைப் பயன்படுத்துகிறார்கள். தெரிந்து பயன்படுத்துபவர்தான் அரிது. கணினிக் கடையில் பெயரைச் சொன்னால், “அது என்ன சார், ஆன்டிவைரஸா?” என்று கேட்பார்கள். எல்லை வகுக்க இவ்வளவு போதும்.

முன்னாய்வுகளில் மூவர் முக்கியம். முதலாமவர் ஆல்ஃபிரட் வெயில். மோர்ஸின் கூட்டாளி. எந்த எழுத்துக்குக் குறுகிய குறி தருவது என்று தீர்மானிக்க, ஓர் அச்சகத்துக்குப் போய் எந்த எழுத்தின் அச்சு அதிகம் கிடக்கிறது என்று பார்த்தாராம். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் ஈ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி கிடைத்தது இப்படித்தான். இரண்டாமவர் லுட்விக் கோக் என்ற ஜெர்மன் உளவியலாளர். 1930களில் இவர் கண்டது: மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டினால் மாணவன் மனத்தில் ஓர் அட்டவணையை விரித்துவைத்துக்கொண்டு தேடுகிறான், வேகம் ஏறியதும் அட்டவணை கைகொடுப்பதில்லை. ஆகவே முதல் நாளே முழு வேகம், ஆனால் இரண்டே இரண்டு எழுத்து. பத்துக்கு ஒன்பது சரியாக வந்தபின் மூன்றாவது எழுத்து. மூன்றாமவர் ரஸ் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற அமெரிக்க ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலியாளர். எழுத்தை வேகமாக ஒலி, எழுத்துக்கு எழுத்து இடைவெளியை மட்டும் நீட்டு என்றார். மூவரும் எந்த இயங்குதளத்தைப் பரிந்துரைத்தார்கள் என்பதற்குச் சான்றில்லை.

நான்காவதாகத் தொல்காப்பியரையும் சேர்க்க வேண்டும். தமிழில் எழுதும் ஆய்வேட்டில் அவர் இல்லாவிட்டால் பட்டம் கிடைப்பது சந்தேகம். நல்லவேளையாக இங்கே அவரை வலிந்து இழுக்க வேண்டியதில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று. மோர்ஸில் புள்ளிக்கு ஒரு மாத்திரை, கோட்டுக்கு மூன்று. எழுத்துக்குள் இடைவெளி ஒன்று, எழுத்துகளுக்கிடையே மூன்று, சொற்களுக்கிடையே ஏழு. இரண்டு என்ற அளவே எங்கும் கிடையாது. அதாவது நெடிலே இல்லாமல் குறிலிலிருந்து நேராக அளபெடைக்குத் தாவும் ஒரு மொழி. மாத்திரையின் கால அளவுதான் உதைக்கிறது. இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்பது இலக்கணம். ‘பாரிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை, பின்னால் வரும் இடைவெளியோடு சேர்த்து 50 மாத்திரையாகக் கொண்டு வேகத்தை அளப்பது ஹாம்களின் வழக்கம். அந்தக் கணக்கில், நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிவிநாடிதான். இமை மூடித் திறப்பதற்குள் புள்ளி வந்து போயிருக்கும்.

இனிக் களஆய்வு.

ஃப்ரீபிஎஸ்டிக்காரர் முதலில் செய்வது, விண்டோஸ் நண்பர்கள் சொல்லும் மென்பொருள்களின் பெயரை எழுதிக்கொள்வது. எல்லாம் அருமையானவை, எதுவும் இவரிடம் ஓடாது. உடனே வைன் நிறுவுகிறார். விண்டோஸ் மென்பொருளைப் பிற இடங்களில் ஓட்டும் அடுக்கு அது. அது ஓடத் தொடங்கியதும் ஒலி வரவில்லை என்று தெரிகிறது. ஒலிக்கருவியின் பெயர், எண், கலவைக் கருவியின் அளவு என்று ஒரு வாரம் போகிறது. பிறகு லினக்ஸ் மென்பொருளை ஓட்ட இன்னோர் அடுக்கு உண்டென்று யாரோ சொல்ல, அதையும் நிறுவுகிறார். இந்தக் கட்டத்தில் இவர் கற்ற மோர்ஸ் எழுத்துகளின் எண்ணிக்கை பூஜ்ஜியம். ஆனால் முகத்தில் ஒரு தேஜஸ் வந்திருக்கும்.

பிறகுதான் அந்தப் பெரிய கண்டுபிடிப்பு. பெர்க்லி யூனிக்ஸ் மரபிலேயே ‘மோர்ஸ்’ என்ற நிரல் வெகுகாலமாக இருக்கிறது. தேட வேண்டாம், தரவிறக்க வேண்டாம், உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எங்கே? கையேட்டின் ஆறாம் பகுதியில், அதாவது விளையாட்டுகள் பகுதியில். பெர்க்லி மரபில் அதற்குப் பக்கத்து இலைக்காரர்கள் இருவர்: கொடுத்த சொல்லைத் துளையட்டையாக வரைந்து காட்டும் நிரல் ஒன்று, துளைநாடாவாக வரைந்து காட்டும் நிரல் ஒன்று. வழக்கொழிந்த மூன்று தொழில்நுட்பங்களை ஒரே வரிசையில் உட்காரவைத்த பந்தி அது.

இந்த நிரலைச் சற்று நெருங்கிப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை. சும்மா ஒரு சொல்லைக் கொடுத்தால் ஒலிக்காது. ஒலியை எழுத்தில் எழுதிக் காட்டும். திரை முழுக்க ‘டிட்’டும் ‘டா’வும். பூஜ்ஜியம் என்ற எண்ணுக்கு மட்டும் ஐந்து டா. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வாய்விட்டுப் படிக்கத் தகுந்ததல்ல. எஸ் என்ற தெரிவைச் சேர்த்தால் புள்ளியும் கோடுமாகத் தரும். டபிள்யூ என்பது வேகம். சொல்லாவிட்டால் நிமிடத்துக்கு 20 சொல். எஃப் என்பது சுருதி. சொல்லாவிட்டால் 600 ஹெர்ட்ஸ். சி என்பது ஃபார்ன்ஸ்வொர்த்தின் நீட்டிய இடைவெளி. விளையாட்டுப் பகுதியில் கிடக்கும் நிரலுக்கு இவ்வளவு அக்கறையா என்று வியப்பு வரும். டி என்ற தெரிவு இன்னும் ஒரு படி மேலே: கணினியின் சீரியல் போர்ட்டில் ஒரு கம்பியை மட்டும் மோர்ஸில் ஏற்றி இறக்கும். எழுதியவர் உண்மையான ஹாமாக இருந்திருக்க வேண்டும்.

ஒலிக்கவைப்பது பி என்ற தெரிவு. நிஜமான முறையில் அனுப்பும் என்று கையேடும் பெருமையாகச் சொல்கிறது. ஆனால் நிஜத்துக்குச் சில நிபந்தனைகள். கணினியின் பழைய ‘பீப்’ ஸ்பீக்கருக்கான கூறைக் கெர்னலில் ஏற்ற வேண்டும். ஏற்றினாலும் அந்தக் கருவியைத் தொட நிர்வாகிக்கு மட்டும்தான் அனுமதி. அனுமதி வாங்கினாலும் புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்த ஸ்பீக்கரே கிடையாது. இத்தனையும் தாண்டியவருக்கு ஓர் ஆபத்து காத்திருக்கிறது. அந்த ஸ்பீக்கருக்கு ஸ்வரங்களை எழுத்தாக அனுப்பினால் அது பாட்டும் வாசிக்கும். ஐபிஎம் பேசிக் மொழியின் ‘ப்ளே’ கட்டளையைப் பின்பற்றி எரிக் ரேமண்ட் எழுதிய வசதி. இதை அறிந்த மாலையில் எந்த மாணவரும் மோர்ஸ் படித்ததில்லை.

சரி, ஒலித்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்த நிரல் கற்றுத் தருமா? தராது. சொன்னதைச் சொல்லும், அவ்வளவுதான். நீங்கள் தட்டிய சொல் என்ன என்பது உங்களுக்கே தெரியும்போது, அதைக் கேட்டுக் கண்டுபிடிப்பதில் என்ன சாதனை? சீரற்ற எழுத்துகளை உருவாக்கி அதற்கு ஊட்ட வேண்டும். ஃப்ரீபிஎஸ்டிக்காரருக்கு இது சவாலே இல்லை. ஷெல்லில் இரண்டு வரி எழுதுவார். இரண்டு வரி இருபதாகும். கோக் முறைப்படி எழுத்துகளைக் கூட்டிக்கொண்டே போகும், மதிப்பெண் போடும், விடைகளை வண்ணத்தில் காட்டும். கடைசியில் ஒரு மோர்ஸ் பயில் மென்பொருளையே எழுதி முடித்திருப்பார். அதைச் சோதிக்க மோர்ஸ் தெரிந்த ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருப்பார்.

மறுப்புரைகளையும் கருத வேண்டும். உலாவியிலேயே ஓடும் பயிற்சித் தளம் 2008 முதல் இலவசமாக இருக்கிறதே, எல்சிடபிள்யூஓ என்று பெயர், கோக் முறையில் பாடம் பாடமாகச் சொல்லித் தருகிறதே, எந்த இயங்குதளமாக இருந்தால் என்ன என்று ஒரு சாரார் கேட்பர். கேட்கலாம். பதிலில்லை. ஃப்ரீபிஎஸ்டிக்காரரிடம் இதைச் சொன்னால், “அது சரி, ஆனால்...” என்று தொடங்குவார். அந்த ‘ஆனால்’தான் இவ்வாய்வின் உயிர்நாடி.

பயன் என்ன என்று கேட்பவர்க்கும் ஒரு சொல். ஹாம் உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற உலக விதி 2003இல் நீங்கியது. அதன் பின்னும் இந்திய விதிகள் பொது வகுப்பு உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் கேட்டன. தந்திச் சேவையோ 2013 ஜூலையில் முடிந்தது. தமிழில் இன்று தந்தி அடிப்பது குளிரில் பற்கள் மட்டுமே. அவற்றின் வேகம் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதை மேலாய்வுக்கு விடுகிறேன். மார்கழியில் செய்வது நல்லது.

ஆய்வு முடிவு: கருதுகோளை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. பரிந்துரை ஒன்று மட்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இரவு இரண்டு மணிக்குக் கறுப்புத் திரைமுன் உட்கார்ந்திருந்தால், மென்பொருள் கிடைத்ததா என்று கேட்காதீர்கள், விடியும்வரை சொல்வார். கோக் வழிப் பாடங்களின் முதல் எழுத்தான கே எப்படி ஒலிக்கும் என்று கேளுங்கள். கோடு, புள்ளி, கோடு. இருபது சொல் வேகத்தில் அரை விநாடிக்குச் சற்று மேல்.