மயிலுக்குச் சான்று

2003-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில், சன்மானம் ஏதுமின்றி அறிவுத் தொண்டு புரியும் பெருமக்களுக்குச் சர்ச்சை ஒன்றே சம்பளம்; மயிலைப் பற்றிய கட்டுரையே அதற்கு உதாரணம். திண்டிவனத்தை அடுத்த மயிலம் மலையில் சூரபத்மன் மயிலுருவில் தவமிருந்து முருகனுக்கு வாகனமானான் என்கிறது தலபுராணம். அவ்வசுரனுடைய தேகத்தின் இரு கூறுகளே மயிலும் சேவலும் என்கிறது கந்தபுராணம். பட்சி சாஸ்திரிகளோ அவ்விரண்டையும், சீமை ஃபெசன்டையும் கூட்டி, ‘ஃபாசியானிடே’ என்னும் ஒரே குடும்பத்தில் அடைத்துவிட்டார்கள். புராணமும் விஞ்ஞானமும் இவ்வளவு இணக்கமாயிருக்கையில் கலகத்துக்கு இடமேது என்று கேட்பவர், பதிப்பாசிரியர்களோடு பழகாதவர். மயிலம் மலையை அக்கட்டுரையில் சேர்ப்பதா, நீக்குவதா என்பதிலேயே ஒரு பட்சம் கழிந்துவிடும்.

விழுப்புரத்துக் குடியானவர் ஒருவர், தம் மணிலாக் கொல்லையை மயில்கள் கிளறித் தின்பதை நாள்தோறும் கண்ணாரக் கண்டு, அதை அக்கட்டுரையில் ஒரு வரியாகச் சேர்ப்பாராயின், ‘சொந்த ஆய்வு’ என்னும் தோஷத்தால் அது நீக்கப்படும். பட்சியின்மேல் கை வைக்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் விடாது. இனி அவர் ஒரு நிருபரைத் தேடிப் பிடித்து, தம் நஷ்டத்தைப் பத்திரிகையில் அச்சேற்றி, அந்த ஆதாரத்தோடு திரும்பி வரவேண்டும். அதற்குள் மயில்கள் அறுவடையை முடித்திருக்கும்.