மொட்டையும் பிளாக்கும்

கேள்வி: காதலி பிரிந்துவிட்டாள். பிளாக் செய்யவும் மனமில்லை; அவள் ஸ்டேட்டஸைப் பார்த்தே பொழுது விடிகிறது. என்ன செய்வது? (வாசகர், சித்தூர்)

பதில்: முன்னாள் காதலியின் பதிவுகள், நட்பை முறிக்காமலே, கண்ணில் படாமலிருக்க ஃபேஸ்புக் 2015-லேயே வழி செய்துவிட்டது. ஆனால் உங்கள் விரல் தேடிப்போய்ப் பார்க்குமே! ‘இனி பார்க்க மாட்டேன்’ என்று காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். பொய்ச் சத்தியத்தை அந்தப் பிள்ளையார் சும்மா விடமாட்டாராம். பேசாமல் திருப்பதி பஸ் ஏறுங்கள். அலிபிரியிலிருந்து மலைக்கு 3,550 படி. மூச்சு வாங்குகையில் யாருக்கு ஸ்டோரி ஞாபகம் வரும்? மேலே கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியே இல்லை. கியூ நீள நீள உங்களுக்கு லாபம். மொட்டை உங்கள் இஷ்டம். போட்டால் செல்ஃபியை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். முதல் ஆளாகப் பார்ப்பது அந்த முன்னாள் காதலிதான்!