சொம்பும் அகராதி மாமாவும்

குடும்பத்துக்கு ஒரு அகராதி மாமா உண்டு. பணி ஓய்வு பெற்றவர். கூடத்து ஈசிசேரும் ஃபேனுக்கு அடியில் இருக்கும் இடமும் அவருக்குப் பாத்தியப்பட்டவை. கைக்கெட்டும் தூரத்தில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. பீரோவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை வெளிவந்த ஆறு தொகுதிகளும், 1939இல் வந்த அனுபந்தமும் சேர்த்து ஏழு. ஏழு பட்டுப்புடவை வைக்கிற இடம் என்பது மாமியின் கணக்கு.

அவர் காதுபட யாரும் ஒரு சொல்லைச் சிந்திவிடக் கூடாது. அன்றைக்குச் சிந்தியவன் மருமகன், சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிற அக்கா மகன். கைபேசியில் யாரிடமோ, "அவனா? மேனேஜருக்குச் சொம்புடா!" என்றான்.

மாமாவின் பேப்பர் மடிந்தது. "சொம்பு இல்லடா, செம்பு."

பையன் தப்பிக்கப் பார்த்தான். முடியவில்லை.

செம்மை என்பது நிறம். அந்த நிறமுள்ள உலோகம் செம்பு. அதில் அடித்த பாத்திரமும் செம்பு. பின்னால் வரப்போகும் 'ம்'முக்காக உதடு முன்கூட்டியே குவிந்ததில் செம்பு சொம்பாயிற்று. செப்பு சொப்பாகிக் குழந்தைகள் கைக்கு விளையாட்டுச் சாமானாகப் போனதும் இதே உதட்டின் வேலைதான். பெட்டியைப் பொட்டி என்பவர்களும் பெண்ணைப் பொண்ணு என்பவர்களும் இந்தக் கட்சியே. இதை விளக்கும்போது மாமா தன் உதட்டையே குவித்துக் காட்டுவார். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் பயந்துபோவார்கள்.

அவருக்கு உண்மையான வருத்தம் வேறு. இந்த வீட்டில் இருப்பது எவர்சில்வர் செம்பு. இரும்பும் குரோமியமும் கலந்த ஒன்றைச் செம்பு என்று எப்படி வாய் கூசாமல் சொல்வது? பித்தளைச் செம்பையாவது மன்னிக்கலாம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால்தானே பித்தளை. வெள்ளிச் செம்பை மாமியின் பிறந்த வீட்டுச் சீர் என்பதால் அவர் ஒன்றும் சொல்வதில்லை. காசியிலிருந்து வாய் அடைத்து வரும் கங்கைச் சொம்பு ஒன்றுதான், அதுவும் தாமிரத்தில் வாங்கியிருந்தால்தான், இலக்கணச் சுத்தம். அதைத் திறக்கவே கூடாது என்று பூஜை அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

"எள்ளில் எடுத்த நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெய்னு சொல்றப்ப யாராவது சண்டைக்கு வராங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. முப்பத்தைந்து வருடம் உடன் வாழ்ந்ததில் மாமிக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"அதெல்லாம் சரி மாமா, நான் சொன்ன சொம்பு வேற" என்றான் பையன்.

அதுவும் மாமாவுக்குத் தெரியும். முகத்துதி செய்கிறவனுக்குத் தமிழில் பஞ்சமே இருந்ததில்லை. அந்தக் காலத்தில் காக்கா பிடித்தார்கள். 'கால் கை பிடித்தல்'தான் காக்கா ஆயிற்று என்று சொல்வதுண்டு. அப்புறம் பஜனையிலிருந்து ஜால்ராவை இறக்கினார்கள். பாடுகிறவர் எப்படிப் பாடினாலும் கூடவே தட்டுவதால் உவமை கச்சிதம். அதற்கும் பின்னால் வந்தது சொம்பு தூக்கி. ஆலமரத்தடி, ஜமக்காளம், வெற்றிலை, பக்கத்தில் சொம்பு: சினிமாப் பஞ்சாயத்து இதில் ஒன்று குறைந்தாலும் கூடாது. நாட்டாமைக்குப் பின்னால் சொம்போடு வருகிறவனுக்குத் தீர்ப்பில் பங்கில்லை, தலையாட்டலில் மட்டுமே பங்கு. அங்கிருந்துதான் வசவு பிறந்தது என்பது மாமாவின் கட்சி. 1936இல் முடிந்த லெக்சிகன் இந்தப் பொருளுக்கு எங்கே போகும்? அதனால் அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிச் சேர்த்து, எண்ணும் போட்டிருக்கிறார்.

அகராதி என்ற சொல்லுக்கும் அப்படி ஒரு பென்சில் குறிப்பு உண்டு. அகரத்தை ஆதியாகக் கொண்டது அகராதி. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி செய்தார். செய்யுளாக மனப்பாடம் பண்ணிய நிகண்டுகளைப் போலன்றி அகர வரிசையில் சொற்களை அடுக்கினார். அவ்வளவு பாடுபட்டதை, 'அகராதி பிடிச்ச மனுஷன்' என்று ஊர் வசவாக்கிவிட்டது. பென்சில் மாமாவுடையது, எடுத்துக்காட்டு வாக்கியம் மாமியுடையது.

சாயங்காலம் மாமாவின் பழைய மேலதிகாரி வந்தார். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் மாமாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. மாமி எழுவதற்குள் அவரே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பையன் சொம்பைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான்.

"இது பாத்திரம்டா" என்றார் மாமா தாழ்ந்த குரலில். "பென்சில்ல எழுதினது இல்ல."

அதிகாரி அண்ணாந்து குடித்தார். சொம்பைக் கையில் திருப்பிப் பார்த்தபடி, "இந்த வார்த்தை எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியுமோ? சோமபானம் குடிச்ச பாத்திரம். சோமம், சோம்பு, சொம்பு" என்றார்.

பையன் ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இருக்கும் சார்" என்றார் மாமா. "ரொம்பப் பொருத்தமாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் தண்ணி கொண்டு வரட்டுமா?"